குமிழிக்குள் ஒரு முரடன்

தடுப்பூசி என்றால் கிருமியின் ஒரு துண்டு, அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். லிப்போசோமைப் படித்ததும் அது மாறிவிட்டது. அது பாஸ்போலிப்பிட் என்ற ஒரு வகைக் கொழுப்பு தண்ணீரில் தானாகவே கூடி உண்டாக்கும் நுண்குமிழி, நம் செல் சவ்வு மாதிரியேதான்.

1974லேயே டிப்தீரியா டாக்ஸாய்டை (அதாவது வீரியம் நீக்கிய டிப்தீரியா நச்சை) இதில் வைத்து எலிகளுக்குப் போட்டார்கள், எதிர்ப்பொருள் கூடுதலாக வந்தது. சரி, எனக்குப் பிடித்தது அக்கித் தடுப்பூசி ஷிங்ரிக்ஸ்தான். வைரஸ் புரதம் தனிக் குப்பியில் பொடியாக இருக்கும், போடுவதற்கு முன் லிப்போசோம் திரவத்தில் கரைப்பார்கள். அந்தக் குமிழியில் சிலி நாட்டு சோப்பு மரப்பட்டையில் எடுத்த, நோய் எதிர்ப்பைத் தூண்டும் கியூஎஸ்-21 என்ற பொருள் இருக்கிறது, தனியாக விட்டால் சிவப்பணுவையே உடைக்கிற முரடன், அவனைப் பிடித்து அடக்கி வைப்பது கொலஸ்ட்ரால். ஆமாம், நாம் திட்டித் தீர்க்கும் அதே கொலஸ்ட்ரால்! கூடவே எம்பிஎல் என்ற இன்னொரு தூண்டுபொருளும் சேர்வதால் எதிர்ப்பொருளோடு டி செல்கள் என்ற வெள்ளணுக்களும் களத்தில் இறங்குகின்றன. ஆனால் ஊசி போட்ட கை ரெண்டு நாள் நன்றாகவே வலிக்கும்.