ஐயாவின் சிவப்புப் பென்சில்

வேதியியல் ஐயா காலமான செய்தி முன்னாள் மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும், கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. மலர்க்குழு என்னை எழுதச் சொன்னதற்குக் காரணம் ஒன்றுதான்: அவரிடம் அதிகம் பட்டவன் நான்.

அந்த நோட்டை நம்மில் பார்க்காதவர் இல்லை. மண்டிக் கடைகளில் கணக்கு எழுதுகிற நீள நோட்டு. இடது ஓரத்தில் பாடத் தலைப்புகள், மேலே ஆண்டுகள். பொதுத்தேர்வில் கேள்வி வந்த கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு; வராத கட்டம் வெறுமை. நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலும் கட்டங்கள். அது அவருடைய மாந்தோப்பு. அல்போன்சா ஓராண்டு கொட்டும், மறு ஆண்டு கைவிரிக்கும். மாங்கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா அநேகமாக ஆண்டுதோறும் காய்க்கும். பூவெடுத்த தேதி, தையில் மூடுபனி இறங்கிய நாள் எல்லாம் அதில் இருக்கும். குத்தகை கேட்டு வரும் வியாபாரியிடம் ஒரே விலையைச் சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடுவார். வாத்தியாருக்கு யோகம் என்று ஊர் பேசியது.

அரையாண்டுத் தேர்வில் நான் முதல் மதிப்பெண் வாங்கினேன். "எப்படிடா?" என்றார். "அதிர்ஷ்டம் ஐயா, படித்ததே வந்தது" என்றேன், அடக்கமாக இருக்கட்டும் என்று. என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றி, நோட்டைக் கையில் கொடுத்து, பத்து ஆண்டுக் கட்டங்களையும் உரக்க வாசிக்கச் சொன்னார். வகுப்பு சிரித்தது, பக்கத்து வகுப்பும் ஜன்னல் வழியாக வந்து சிரித்தது. "ஒன்று விட்டு ஒன்று வருகிற கேள்வி. கவனித்துப் படித்திருந்தால் மார்க் உனக்கு. அதிர்ஷ்டம் என்றால் அதற்கே போகட்டும்" என்று மதிப்பெண்ணை அடித்துவிட்டு மறுதேர்வு வைத்தார்.

அடுத்து வந்த பாடம் தனிம வரிசை அட்டவணை. 1869இல் மெண்டலீவ் நிரப்பிய கட்டங்களை விட, காலியாக விட்ட கட்டங்களைத்தான் ஐயா கொண்டாடினார். அப்படி விட்ட ஒரு கட்டத்துக்குரிய காலியம் என்ற தனிமத்தை 1875இல் பிரான்சில் கண்டுபிடித்தவர் அதன் அடர்த்தி 4.7 என்றார். அந்தத் தனிமத்தைக் கண்ணால் கண்டிராத மெண்டலீவ், சுத்தம் செய்து மறுபடி அளக்கச் சொன்னார், 5.9 வந்தது. "இதுவும் அதிர்ஷ்டமா?" என்று வகுப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். இந்த வயதிலும் காது சுடுகிறது.

பெங்களூரில் வேலை பார்த்தபோது நண்பர்கள் எல்லாரும் புதிய கணினி மொழிகளின் பின்னால் ஓடினார்கள். நான் கிழட்டு கோபோலைக் கற்றேன். பழைய நிரல்கள் பலவற்றில் ஆண்டு இரண்டே இலக்கம். 99க்குப் பிறகு 00 வரும்போது திருத்த ஆள் தேடுவார்கள் என்று கட்டம் போட்டுப் பழகியவனுக்குத் தெரியாதா? பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்திருந்தேன். 1998இல் அழைப்பு வந்தது. கிருஷ்ணகிரி லண்டன்பேட்டைப் பையன் லண்டனுக்கே போகிறான், மச்சக்காரன் என்றார்கள். ஐயா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "எந்த ஆண்டு திரும்புகிறாய்?" என்று கேட்டார். ஓர் ஆண்டைச் சொன்னேன்.

விடுமுறையில் போகும்போதெல்லாம் அதையே கேட்பார். நானும் வேறோர் ஆண்டைச் சொல்வேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று, பிள்ளைகள் இங்கே லண்டனிலேயே படித்து வேலைக்கும் போய்விட்டார்கள். கடைசியாகப் பார்த்தபோது தோப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் சொன்ன ஆண்டுகளையெல்லாம் எங்கோ குறித்து வைத்திருப்பார். எத்தனை கட்டம் வெறுமையாகக் கிடந்தால் கேள்வி இனி வராது என்று அவருக்கா தெரியாது?