ஃப்ரிட்ஜ் பாலும் பானைத் தண்ணீரும்: ஒன்பதாவது தடவை வந்த டின்னர் ரோல்

ஒருவழியாக வந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் சுட்ட டின்னர் ரோலை, அதாவது மெத்தென்ற சின்ன பன்னை, திங்கள் காலை பத்து மணிக்கு விரலால் அமுக்கினேன். பள்ளம் விழுந்து, மெல்ல மேலே எழும்பி, பழையபடி நின்றது. பிய்த்தால் நார் நாராகப் பிரிகிறது. இந்தப் பதத்துக்காகத்தான் நான்கு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் சுட்ட முதல் இரண்டு தடவையும் நன்றாகவே வந்தன. அந்தத் தைரியத்தில் ஏப்ரல், மே மாதங்களில் தொடர்ந்து ஆறு தடவை சுட்டேன், ஆறும் சரியில்லை. அதே அளவு, அதே அவன் (oven). ஆனால் உள்ளே பெரிய பெரிய ஓட்டை, ஒரு புளித்த வாடை. டின்னின் அடியில் வெண்ணெய் கசிந்து ரோலின் அடிப்பாகம் பொரித்த மாதிரி ஆகிவிடும். ராத்திரி எட்டு மணிக்கே வறண்டு போகும். ஈஸ்ட் பழசோ என்று புதுப் பொட்டலம் வாங்கினேன். மைதாவை மூன்று தடவை மாற்றினேன். எதுவும் பலிக்கவில்லை.

அம்மாதான் ஒரு நாள் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இட்லி மாவே இந்த வெயிலுக்கு அஞ்சு மணி நேரத்துல பொங்கி வழியுது, இதுக்கு மட்டும் வெதுவெதுப்பான பால் எதுக்கு ஊத்துற?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் பிசைந்து முடித்த மாவுக்குள் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன். 34 டிகிரி! இந்த மாதிரி மாவு பிசைந்து முடிக்கும்போது 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எல்லாக் குறிப்பிலும் "வெதுவெதுப்பான பால், கதகதப்பான இடத்தில் ஒரு மணி நேரம்" என்று எழுதியிருக்கிறார்கள். குளிர் ஊரில் எழுதியதை மே மாத மதுரையில் வரி விடாமல் பின்பற்றினால் இப்படித்தான் ஆகும். இதை யாராவது முன்பே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தால் மூன்று கிலோ மைதா மிஞ்சியிருக்கும்.

34 டிகிரியில் இரண்டு கோளாறு நடக்கிறது. ஒன்று, ஈஸ்ட் தலைதெறிக்க ஓடுகிறது. மாவு அரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும், ஆனால் அதற்குள் மணமும் ருசியும் சேராது. இரண்டாவதுதான் எனக்குப் பிடிபடாமலே இருந்தது. அந்தச் சூட்டில் வெண்ணெய் உருகி எண்ணெயாகிவிடுகிறது. உருகிய வெண்ணெய் மாவோடு கலப்பதில்லை, அதன் மேல் வழுக்கிக்கொண்டு நிற்கிறது. டின்னின் அடியில் கசிந்தது அதுதான்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் குளிரவைத்துத் தொடங்கினேன். அளவு இது: 20 கிராம் மைதாவை 100 கிராம் பாலில் கரைத்து, சிறு தீயில் 65 டிகிரி வரும்வரை கிண்டி, கரண்டி இழுத்த தடம் அப்படியே நிற்கிற கூழாக இறக்கிக்கொண்டேன். பன் மென்மையாக இருப்பதற்காகச் சேர்க்கிற இந்தக் கூழுக்குத் தாங்ஜோங் என்று பெயர். அதை மூடி, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர விட்டேன். 280 கிராம் மைதா, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 35 கிராம் சர்க்கரை, 15 கிராம் பால் பவுடர், 5 கிராம் உப்பு. ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்த பால் 120 கிராம். வெண்ணெய் 40 கிராம். முட்டை கிடையாது. ஈஸ்டை மட்டும் முதலில் மைதாவில் நன்றாகக் கலந்துவிட வேண்டும். ஜில்லென்ற பால் நேரடியாக அதன் மேல் பட்டால் ஈஸ்டின் வீரியம் குறையும்.

வெண்ணெய் சேர்க்காமல் எல்லாவற்றையும் திரட்டி, 20 நிமிடம் மூடி ஃப்ரிட்ஜிலேயே வைத்தேன். அந்த ஓய்வில் மாவு தானாகவே இளகி இழுபடத் தொடங்குகிறது, பாதி வேலை மிச்சம். பிறகு எட்டு நிமிடம் பிசைந்தேன். அதற்கப்புறம்தான் வெண்ணெய். உருகாமல், விரலால் அழுத்தினால் மட்டும் நசுங்குகிற பதத்தில், கொண்டைக்கடலை அளவுத் துண்டுகளாக, ஒரு தடவைக்கு நாலைந்து துண்டு. முதல் இரண்டு நிமிடம் மாவு பிய்ந்து பிய்ந்து, கை முழுக்கப் பிசுபிசுத்து, இனி தேறாது என்பது போல இருக்கும். அந்த இடத்தில்தான் போன தடவைகளில் பயந்து ஒரு கைப்பிடி மைதா தூவினேன், அதிலேயே மென்மை போய்விட்டது. இந்தத் தடவை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. பரோட்டா மாஸ்டர் மாவைத் தூக்கி அடிப்பது போல மேடையில் அடித்து, இழுத்து, மடித்து, மறுபடி அடித்தேன். ஆறாவது நிமிடம் வாக்கில் சத்தமே மாறியது. சளக் சளக் என்று இருந்தது பட் பட் என்று கேட்க ஆரம்பித்தது. மேடையில் ஒட்டியிருந்த மாவை உருண்டையே துடைத்து எடுத்துக்கொண்டது.

பிசைந்தது போதுமா என்று பார்க்க, மாவில் ஓர் எலுமிச்சை அளவு கிள்ளி, நாலு விரலாலும் மெதுவாக விரித்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். ஜவ்வு மாதிரி விரிந்தது, பின்னால் இருந்த விரல் ரேகை நிழலாகத் தெரிந்தது, கிழியவில்லை. தெர்மாமீட்டர் 26 காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த சிக்கல், பொங்க வைக்கும் இடம். அடுப்படியே 34 டிகிரி, ஃப்ரிட்ஜோ அளவுக்கு மீறிய குளிர். மண்பானைத் தண்ணீரை ஓர் அகலமான குண்டானில் ஊற்றி, மாவுக் கிண்ணத்தை அதன் நடுவே அமர்த்தி, மேலே ஈரத்துணி போட்டேன். பானைத் தண்ணீர் 27 டிகிரி இருந்தது. 55 நிமிடத்தில் மாவு சரியாக இரண்டு மடங்கானது. புளித்த வாடை இல்லை, லேசான பால் மணம் மட்டும். கோடை முடியும்வரை இனி எனக்கு இதுதான் முறை.

மைதாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை கீழமாசி வீதியில் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கிற ஒரு கடையில் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார்கள். பன்னுக்கு என்றதும் பரோட்டாக் கடைக்குப் போகிற மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தார்கள். பாக்கெட் மைதாவைவிட நன்றாக இழுபடுகிறது. சிறு பொட்டலமாக ஈஸ்ட் வாங்கி ஃப்ரீசரில் வைப்பதுதான் உத்தமம், பெரிய பொட்டலத்தைப் பிரித்து வெளியே வைத்தால் இந்த வெயிலில் தாங்காது. அடுத்து இதே மாவில் மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு கலந்து பார்க்க வேண்டும். கோதுமைத் தவிடு கூடுதல் தண்ணீர் குடிக்கும், பால் எவ்வளவு ஏற்றுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தேங்காய்ப் பூரணம் வைத்த பன்னும் வரிசையில் இருக்கிறது.

சரி, ரோலுக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் 66 கிராம், எட்டு அங்குலச் சதுர டின்னில் மூன்றுக்கு மூன்று. உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டு, விரலால் குத்தினால் பள்ளம் பாதிதான் நிரம்புகிறது என்கிற நிலையில் அவனில் வைத்தேன். 180 டிகிரியில் 21 நிமிடம். நடு ரோலின் உள்ளே 91 டிகிரி. வெளியே எடுத்ததும் வெண்ணெய் தடவி, துணி போட்டு மூடிவிட்டேன். ஆறியதும் டப்பாவில் போட்டு வெளியேதான் வைத்தேன். ரோலை ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் இறுகிவிடும். இரண்டு நாளில் தீராது என்றால் ஃப்ரீசர்தான்.

மேல் நிறம்தான் இன்னும் கைக்குள் வரவில்லை. என் ஓடிஜியில் (மேடையில் வைக்கிற சின்ன மின்சார அவன்) வலது பின் மூலை எப்போதும் கருக்கிறது. 14-ஆவது நிமிடம் டின்னைத் திருப்பியும் இரண்டு ரோல் கறுப்பாகவே வந்தன. ஃபாயிலை எப்போது போட வேண்டும் என்று பார்ப்பதற்காகவே நேற்று இன்னொரு ஈடு பிசைந்தேன். உருண்டை பிடித்து டின்னோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வைத்திருக்கிறேன். இப்போது திறந்து பார்த்தேன், ஒன்பதும் லேசாக உப்பி ஒன்றையொன்று தொடப்போகின்றன. நாளைக் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுத்து வெளியே வைக்க வேண்டும்.