யளனகன்னு பேர் வெச்ச ஃபைல்

நான் மொதமொதல்ல வேலைக்குப் போனது 2008ல, தாராபுரத்துல சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்துல ஒரு டிடிபி கடைக்கு. டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர் ரெண்டும் பாஸ் பண்ணி வெச்சிருந்தேன், இங்கிலீஷ் ஹையர்னா நிமிஷத்துக்கு 45 வார்த்தை அடிக்கணும், அதனால எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு நானே நெனச்சுக்கிட்டேன். மொத நாளே ஒரு கிரயப் பத்திரம் ஏழு பக்கம் அடிச்சு, பிரிண்ட் எடுத்துக் குடுத்து, மூடறப்ப சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு, அதான் பிரிண்ட் எடுத்தாச்சேன்னு நோ குடுத்துட்டேன். அரை மணி நேரத்துல பார்ட்டி திரும்பி வந்துட்டாரு. "அப்பாரு பேரு தப்பா இருக்குது அம்மிணி, ஒரே எழுத்துத்தான், மாத்திக் குடுத்துரு."

ஒரே எழுத்துக்கு ஏழு பக்கம் மறுபடி அடிச்சேன். கடை அண்ணன் ஒன்னும் திட்டல, ஒரு டீ மட்டும் வாங்கி பக்கத்துல வெச்சாரு, அதுதான் இன்னும் வலிச்சுது. டைப்பிங் மெஷின்ல பழகினவளுக்குப் பேப்பர் வெளிய வந்துட்டா வேலை முடிஞ்சுது, ஃபைல்னு ஒன்னு உள்ள இருக்குது, நாளைக்கு வேற யாரோ அதைத் தேடி வருவாங்கன்னு எந்த இன்ஸ்டிட்யூட்லயும் சொல்லித் தரல.

அதுக்கப்புறம் சேவ் பண்ணக் கத்துக்கிட்டேன், ஆனா பேர் வெக்கத்தான் சோம்பேறித்தனம். விரல் எங்க இருக்கோ அங்கயே நாலு தட்டு, ஏ எஸ் டி எஃப், என்ட்டர். தமிழ் டைப்ரைட்டிங்ல மொதல் பாடமே அந்த நாலு சாவிதான், அதே எடத்துல ய ள ன க. பாமினி ஃபான்ட்டும் அதே கீபோர்டுதான், அதனால எங்களுக்கு அது ஒரு பேரு மாதிரியே ஆயிருச்சு. யளனக, யளனக1, யளனக புதுசு. மூணு வருஷத்துல அந்த மாதிரி எத்தனை ஃபைல் விட்டுட்டு வந்தேன்னு கணக்கே இல்ல.

பாமினி பத்தி ஒரு வார்த்தை. அது தமிழ் ஃபான்ட்டே ஒழிய, உள்ள சேவ் ஆகறது இங்கிலீஷ் எழுத்துத்தான். தமிழ்னு அடிச்சா ஃபைலுக்குள்ள இருக்கறது ஜே கே பி ஓ, ஒரு செமிகோலன், அவ்ளோதான். ஃபான்ட் இருக்கற கம்ப்யூட்டர்ல தமிழாத் தெரியும், இல்லாத எடத்துல கிறுக்கு மாதிரி இருக்கும். வக்கீல் ஆபீஸ்ல இருந்து பென் டிரைவ்ல எடுத்துட்டு வருவாங்க, அவங்ககிட்ட வேற ஃபான்ட், நம்மகிட்ட வேற ஃபான்ட், மாத்தினா வரியெல்லாம் தள்ளிப்போயி மூணு பக்கம் நாலு பக்கமாகும், கவனிக்காம பிரிண்ட் குடுத்தா முத்திரைத்தாள் வீணாப் போச்சு. அதுலயும் வேர்ட் 2007ல சேவ் பண்ணுனதுன்னா எங்க 2003ல அப்படியே தொறக்காது. டாக்எக்ஸ்னு கடைசில ஒரு எக்ஸ் சேந்ததுக்கு நாங்க பட்ட பாடு இருக்கே. விண்டோஸ் அந்தக் கடைசி எழுத்துகளை மறைச்சுத்தான் வெக்கும், வர்றவங்களுக்கு எல்லாமே நீலக் கலர் வேர்ட் ஃபைலுதான், "நேத்து அங்க தொறந்துச்சே"ம்பாங்க. 2010ல கோவைல செம்மொழி மாநாடு நடந்த சமயமே கவர்மென்ட், எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழ் தமிழாவே தெரியற யூனிகோடுக்கு மாறச் சொல்லிருச்சு, எங்க தெருவுக்கு அது வந்து சேர ரொம்ப வருஷமாச்சு.

கல்யாணமாகி திருப்பூர் வந்து ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல சேந்தேன். இங்க வேர்டு கம்மி, எல்லாம் எக்ஸல். 2016 நவம்பர்ல 500, 1000 செல்லாதுன்னு சொன்ன பிற்பாடு, சனிக்கெழமை கவர்ல போட்டுக் குடுத்துட்டு இருந்த வாரச் சம்பளத்தை பேங்க்ல போடணும்னு ஆயிருச்சு. லைன்ல இருக்கற ஒரு தம்பிகிட்ட எல்லார் பாஸ்புக்கையும் குடுத்து லிஸ்ட் அடிக்கச் சொன்னாங்க, பாவம் ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து அடிச்சான், ஒரு நம்பர்கூட அவன் தப்பா அடிக்கல. நான்தான் அந்த லிஸ்டை பேங்குக்கு அனுப்பினேன். சனிக்கெழமை சாயங்காலம் பாத்தா ஒரே பேங்க்கைச் சேந்தவங்களுக்கு மட்டும் காசு ஏறல. அந்த பேங்க் அக்கவுன்ட் நம்பர் 16 இலக்கம். எக்ஸலுக்கு 15 இலக்கத்துக்கு மேல ஞாபகம் நிக்காது, பதினாறாவதை சத்தமில்லாம சைபர் ஆக்கிரும். நம்பர் சைபர்ல முடிஞ்சவங்க நாலு பேருக்கு மட்டும் கரெக்டாப் போயிருந்துச்சு, அவங்க டீக்கடைல பரோட்டா சாப்பிட்டுட்டு இருந்தாங்க, மத்தவங்க ஆபீஸ் வாசல்ல நின்னாங்க.

சத்தம் போட்டு எரர் வந்தா மனுஷன் சரி பண்ணிக்கலாம், இது பெரிய உபகாரம் பண்றதா நெனச்சு நாம அடிச்சதையே மாத்துது பாருங்க, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. செல்லை மொதல்ல டெக்ஸ்ட்னு மாத்திட்டு அடிச்சிருந்தா ஒன்னும் ஆயிருக்காது. ஆனா மாறினதுக்கு அப்பறம் டெக்ஸ்ட் ஆக்கினா போன நம்பர் திரும்பி வராது, பாஸ்புக்கை மறுபடி வாங்கித்தான் ஆகணும். ஆதார் 12 இலக்கம், அது கொஞ்சம் பரவால்ல, நடுவுல புள்ளி, கடைசில ஈ பிளஸ் 11னு காட்டிப் பயமுறுத்தும், கட்டத்தை நம்பர்னு மாத்துனா முழுசா வந்துரும். கதவு நம்பர் 5/12ன்னு அடிச்சா டிசம்பர் அஞ்சாந்தேதி ஆயிரும். பழைய நம்பர் புது நம்பர்னு ரெண்டு நம்பர் வெச்சுக்கிற நம்ம ஊர்ல பாதி வீடு காலண்டர்லதான் இருக்குது. நம்மளுக்குத்தான் இந்தக் கஷ்டம்னு நெனச்சேன், மார்ச்1, செப்ட்1னு இருந்த மனுஷ ஜீன் பேரையெல்லாம் எக்ஸல் தேதியா மாத்துதுன்னு, 2020ல விஞ்ஞானிகளே ஜீன் பேரை மாத்திக்கிட்டாங்களாம். படிச்சப்போ மனசுக்கு அவ்ளோ ஆறுதல்.

இப்ப வர்ற பசங்க எல்லாம் டிகிரி, போன்ல என்ன கேட்டாலும் செய்வாங்க. பில்லை ஸ்கேன் பண்ணி அனுப்புப்பான்னா வாட்ஸாப்ல போட்டோவா அனுப்புவாங்க, அது சுருங்கி ஜிஎஸ்டி நம்பர்ல எட்டா மூணான்னு தெரியாது. டாக்குமென்ட்டா அனுப்புன்னு சொன்னா அந்த மங்கலான போட்டோவையே பிடிஎஃப் ஆக்கி அனுப்பறாங்க. எங்க வெச்சேன்னு கேட்டா "டவுன்லோட்ஸ்ல இருக்குங்க்கா." எல்லாம் அங்கதான் இருக்குது. எனக்கு எரிச்சலா வரும், ஆனா வாயத் தொறந்து திட்ட முடியறதில்ல, ஏழு பக்கம் ரெண்டு தடவை அடிச்சவ நான்.

போன மாசம் கடை அண்ணன் கூப்பிட்டாரு. பத்துப் பன்னெண்டு வருஷமாச்சு பேசி. "அம்மிணி, 2009ல அந்த அண்ணந்தம்பி மூணு பேரு பாகப்பிரிவினை நீதான அடிச்ச? பத்திரம் கைல இல்லியாம், நகல் கேட்டுப் போட்டிருக்காங்க, வர்றதுக்குள்ள சக்குபந்தி, அதான் நாலு பக்க எல்லை, அது மட்டும் பாக்கணுங்கறாங்க. ஃபைல் கெடச்சுருச்சு, பேரு ஏஎஸ்டிஎஃப்னு இருக்குது, தொறந்தா ஒரே கிறுக்கா இருக்குது." புதுக் கம்ப்யூட்டர், பாமினி போடல. ஃபான்ட் போட்டா சரியாயிரும்ணான்னு சொன்னேன். பையன் ஸ்கூல் விட்டு வந்துதான் போட்டுத் தருவான், பார்ட்டி இப்பவே எதுக்க உக்காந்திருக்காங்கன்னாரு. சரி எனக்கு அனுப்புங்கன்னு சொல்லி போன்ல தொறந்தேன், அங்கயும் அதே கிறுக்கு.

எஃப் பி ஓ எஃப் செமிகோலன், அப்பறம் பெரிய எஃப். கண்ணுக்கு ஒன்னுமே தெரியல, மேஜை மேல வெரலை வெச்சு அடிக்கற மாதிரி தட்டிப் பாத்தேன், வெரலுக்குத் தெரிஞ்சுது. "கிழக்குண்ணா. கிழக்கே பொது வாய்க்கால்."

"இரு இரு, பென்சில் எடுத்துக்கறேன்," ன்னாரு. "மெதுவாச் சொல்லு."