வீடு மாறிப்போன பிள்ளைகள்

குழந்தைகளுக்கு ஆஸ்துமா வருவதில் சுற்றுச்சூழலின் பங்கை ஆராயும் குழு ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்தபோது என் பையில் மூன்று பொருள்கள் இருந்தன: வினாத்தாள் கட்டு, மெத்தையிலிருந்து தூசியை உறிஞ்சி எடுக்கும் சிறு கருவி, மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளக்கப் பிள்ளைகள் ஊதிக் காட்டுவதற்கான பீக் ஃப்ளோ மீட்டர். இவற்றுடன் ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைக்கு ஏன் இழுக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என உண்மையாகவே நம்பினேன்.

முதல் கேள்வியிலேயே தடுமாற்றம் வந்தது. கடந்த 12 மாதங்களில் மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் போன்ற சத்தம் கேட்டதா என்பதே இத்துறையில் பரவலாகக் கேட்கப்படும் கேள்வி. 1991இல் தொடங்கிய ஐசாக் என்ற பன்னாட்டு ஆய்வின் வழியே அது உலகெங்கும் பரவியது. ஆனால் ஒரு தாய் இளைப்பு என்பார், இன்னொருவர் இழுப்பு என்பார், மருத்துவரிடம் போய் வந்தவர் வீசிங் என்பார், மற்றொருவர் மூக்கடைப்பால் வரும் உறுமலையும் அதில் சேர்த்துக்கொள்வார். மொழிக்கு மொழி மாறும் இந்தச் சிக்கலைத் தாண்டுவதற்காகவே ஐசாக் குழுவினர் மூச்சுத் திணறும் இளைஞர்களைக் காட்டும் காணொளி ஒன்றைத் தயாரித்து, 13, 14 வயது மாணவர்களிடம் உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா என்று கேட்டார்கள். எங்களிடம் காணொளி இல்லாததால், நானே நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுத்துக் காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், பதில் மட்டும் சரியாக வரும்.

நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் வீட்டை. அவன் படுக்கும் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறியிருந்தது. நான் வரும் நாள் தெரிந்திருந்ததால் அவன் தாய் அதற்கு முன்பே சுவரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, மெத்தை விரிப்பையும் துவைத்துப் போட்டிருந்தார். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால்தான் பிள்ளைக்கு நோய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற அச்சம் அதில் இருந்தது. எனக்கோ பூஞ்சணமும் போயிற்று, சோதனைக்கு எடுக்க வேண்டிய தூசியும் போயிற்று என்ற எரிச்சல். அதை முகத்தில் காட்டிக்கொண்டேன் என்பதை இன்றும் வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

எரிச்சல் போதாதென்று அறிவுரையும் சொன்னேன். ஈரம் காய்வதற்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன். அவர் பதில் பேசாமல் ஜன்னலைத் திறந்தார். கைக்கெட்டும் தூரத்தில் லாரிகள் போகும் சாலை. கம்பியில் விரல் வைத்தால் கரி ஒட்டியது. மூடினால் பூஞ்சணம், திறந்தால் டீசல் புகை. என் வினாத்தாளில் ஓதத்துக்கு ஒரு கட்டமும் சாலையின் தூரத்துக்கு ஒரு கட்டமும் இருந்தன. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அந்தத் தாய் தினமும் எடுக்க வேண்டிய முடிவுக்குக் கட்டம் எதுவும் இல்லை.

இரண்டு வாரங்களுக்குக் காலையும் மாலையும் ஊதிக் குறிக்க வேண்டிய ஏட்டையும் அவர்களிடம் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது 14 நாள்களின் எண்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், பெரும்பாலும் ஒரே அளவாக இருந்தன. ஒரே அமர்வில் நிரப்பியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்தத் தாய்க்கு அந்த இரண்டு வாரமும் இரவு வேலை. காலையில் அவர் வீடு திரும்பும் முன் பையன் பள்ளிக்குப் போய்விடுவான். ஆய்வின் கணக்கில் அது செல்லாத ஏடு. ஆனால் அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கிடைத்தவற்றில் மிகத் துல்லியமான தகவல் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். தெற்குக் கலிஃபோர்னியாவில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த குழு 2009இல் வெளியிட்ட கட்டுரையும் இதை ஒட்டியதே: வாகனப் புகையால் புதிதாக ஆஸ்துமா வரும் ஆபத்து, பெற்றோர் கடும் மன அழுத்தத்தில் இருந்த வீடுகளில்தான் கூடுதலாகத் தெரிந்தது. அதே புகைதான், அது சேர்ந்த வீடுகள்தாம் வேறு.

கருவியின் மேல் இருந்த நம்பிக்கையும் மெல்லக் குறைந்தது. நியூசிலாந்தில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வீடுகளில் புகை வெளியிடாத நல்ல வெப்பமூட்டிகளைப் பொருத்தி ஆராய்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். நுரையீரல் திறன் அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆனால் இரவு இருமல் குறைந்தது, பள்ளிக்குப் போகாத நாள்களும் குறைந்தன. ஊதும் குழாயை மட்டும் நம்பியிருந்தால் அந்த வீடுகளில் எதுவும் நடக்கவில்லை என்றே எழுதியிருப்போம்.

ஆண்டு முடிவில் தரவுகளைத் தொகுத்தபோது ஆய்வின் நடுவில் எங்கள் தொடர்பிலிருந்து விடுபட்டுப்போன குடும்பங்களைச் சேர்க்கும் 'தொடர்பு இழப்பு' என்ற பிரிவைப் பிரித்துப் பார்த்தேன். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வாடகை வீட்டினர். முதல் வருகையில் ஓதம் என்று நான் குறித்திருந்த வீடுகள் பல அங்கே இருந்தன. புள்ளியியல் பார்ப்பவர், இது வழக்கமாக நேரும் இழப்புதான், முடிவுரையில் ஒரு வரி எழுதிவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓதம் ஏறிய வீட்டில் நிலைத்து வாழ முடியாததால்தான் அவர்கள் போனார்கள் என்றால், நாங்கள் தேடிக்கொண்டிருந்த காரணமே எங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது என்றுதானே பொருள்? அடுத்த சுற்று வினாத்தாளில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை வீடு மாறினீர்கள், ஏன் என்று இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்லி வாதாடினேன். முதல் கேள்வியைச் சேர்த்தார்கள்; இரண்டாவதற்கு இடமில்லை என்றார்கள்.

அந்தச் சிறுவனின் பெயரும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. மூன்றாம் முறை நான் போனபோது கதவு திறந்திருந்தது, வீடு காலியாக இருந்தது. கட்டில் கிடந்த மூலையில் ஒருவர் ஏணி போட்டு, கறுத்த சுவரின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஆள் வருகிறார்கள் என்றார்.