கிரீன் பெல்ட் எழுதுகிறவர்களுக்கு: மீன்முள் படத்தோடு நின்றுவிடாதீர்கள்

சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட் (தரக் குறைகளைக் குறைக்கும் முறைக்கான சான்றிதழ் தேர்வு) பாஸ். ரிசல்ட் வந்த சூட்டோடு எழுதுகிறேன். கங்கைகொண்டான், நாங்குநேரி பக்கம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு உதவும். தேர்வு அமைப்பெல்லாம் உங்களுக்குத் தெரியும்; ஒரு பழுதின் மூலகாரணத்தைத் தேட வரையும் படங்களை மட்டும் சொல்கிறேன். என்னைக் கரை சேர்த்தது அந்தப் பகுதிதான்.

நான் போன பயிற்சி வகுப்பில் ஆள், மெஷின், மெட்டீரியல், மெத்தட், அளவீடு, சூழல் என்று மீன்முள் படத்தின் ஆறு முள்ளையும் மனப்பாடம் செய்யச் சொன்னதோடு சரி. காசு வாங்கிக்கொண்டு இவ்வளவுதானா என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. மீன்முள் படம் (இஷிகாவா, ஃபிஷ்போன் என்பதும் இதுதான்) தருவது காரணங்களின் சந்தேகப் பட்டியல். எந்த முள் உண்மை என்று டேட்டாதான் சொல்லும். ஃபிஷ்போன் வரைந்ததுமே காரணம் உறுதியாகிவிட்டது என்கிற விடையைத் தொடவே தொடாதீர்கள்.

எங்கள் மில்லில் ஒரு ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கும் மெஷின்) நூல் அறுந்துகொண்டே இருந்தது. பஞ்சு சரியில்லை, ஈரப்பதம் குறைவு, ஆள் புதுசு என்று மீட்டிங்கில் முள்ளெல்லாம் நிரம்பிவிட்டது. அப்புறம் செக் ஷீட்டில் (எண்ணிக்கை குறிக்கும் தாள்), ஒவ்வொரு தடவை அறும்போதும் ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்) நம்பர் வாரியாகக் கோடு போட்டோம். கோடுகள் சில ஸ்பிண்டில்களிலேயே குவிந்தன. ஈரப்பதம் என்றால் ஃபிரேம் முழுக்க அல்லவா அறுந்திருக்கும்? நேரே அந்த ஸ்பிண்டில்களின் ரிங்கையும், அதன்மேல் நூலோடு ஓடும் டிராவலரையும் பார்க்கப் போனோம். வகைபிரித்தல் (டேட்டாவை மெஷின், ஸ்பிண்டில் வாரியாகப் பிரித்துப் பார்ப்பது) கேள்விகளுக்கு இந்தப் புத்தி போதும். ஹிஸ்டோகிராமில் (எந்த அளவு எத்தனை தடவை வந்தது என்று காட்டும் பட்டைப் படம்) இரண்டு மேடு தெரிந்தால், இரண்டு மெஷின் டேட்டா கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மற்றவை:

- பரேட்டோ (பழுதுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் பட்டைப் படம்): கேள்வியில் செலவு இருந்தால் பெருக்குங்கள். 60 தடவை வரும் பழுது தலா 10 ரூபாய் என்றால் 600. 8 தடவை வருவது தலா 500 என்றால் 4,000. வரிசையே தலைகீழ்.
- இன்டர்ரிலேஷன்ஷிப் டைகிராஃப் (எது எதைப் பாதிக்கிறது என்று அம்பு போட்டுக் காட்டும் படம்): வெளியே போகும் அம்பு அதிகமுள்ளது காரணம், உள்ளே வரும் அம்பு அதிகமுள்ளது விளைவு. எண்ணத் தெரிந்தால் மார்க்.
- ஸ்கேட்டர் (இரண்டு அளவுகளைப் புள்ளிகளாக வைத்துப் பார்க்கும் படம்): இரண்டும் சேர்ந்து ஏறுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது.
- ஐந்து ஏன் (ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே காரணத்துக்குள் போவது): மூன்றிலும் முடியலாம், ஏழுக்கும் போகலாம்.

எனக்கு வாசித்தால் ஏறாது, வரைந்தால்தான் ஏறும். ஷிப்ட் முடிந்து பாளையங்கோட்டை மைய நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் கையாலேயே போட்டுப் பார்த்தேன். லேப்டாப்பில் வரையாதீர்கள்; சாஃப்ட்வேரே பரேட்டோவை வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும், உங்களுக்கு ஒன்றும் ஒட்டாது. ஓபன் புக்தானே என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். புத்தகத்தைப் புரட்டும் நேரத்தை ஃபார்முலாவுக்கும் டேபிளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். படக் கேள்விகளைப் புத்தகம் தொடாமலே முடித்துவிட வேண்டும்.