திருப்பிப் பார்த்துவிட்டு ஒட்டு

காருக்குள் கை படுகிற இடங்களைப் புதுப்பிப்பது என் தொழில். டேஷ்போர்டின் குறுக்கே ஓடும் அலங்காரப் பட்டை, கதவில் முழங்கை ஊன்றும் மேடை, கியரைச் சுற்றிய பகுதி, தலைக்கு மேலே இருக்கும் துணி. நாளாக நாளாக இவை வெடிக்கும், உரியும், பிசுபிசுக்கும், தொங்கும். எஞ்சினில் கோளாறு வந்தால் வண்டி நின்றுவிடும். இவற்றில் வந்தால் வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஏறி உட்காருகிறவரின் மனம்தான் நாள்தோறும் கொஞ்சம் சுணங்கும். அதனால் இதைச் சின்ன வேலை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு காரின் நான்கு கதவுகளிலும் இருந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பட்டைகளின் மேல் வால்நட் வெனீர் ஒட்டித் தரும்படி அதன் உரிமையாளர் கேட்டார். வெனீர் என்பது மரத்தை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்த தாள். அடிப்பலகை ஏதும் இல்லாமல் வளைத்தால் அப்பளம்போல் நொறுங்கும். ஒரு வாரம் உழைத்தேன். முன் கதவில் தொடங்கும் மரரேகை பின் கதவில் அறுபடாமல் தொடர வேண்டும் என்று தாள்களைப் பொறுக்கிப் பொறுக்கி வெட்டினேன். ஆறு பூச்சு லாக்கர், ஒவ்வொன்றுக்கும் நடுவே உப்புத்தாள் தேய்ப்பு. வண்டியை ஒப்படைத்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் வாரம் வண்டி திரும்பி வந்தது. பின்பக்க இடது கதவில் ஒரு முனை நகம் நுழையும் அளவுக்கு எழும்பியிருந்தது. அந்த இடுக்கில் விரலை வைத்து மெல்ல நெம்பினேன். வெனீர், அதன் அடியில் பசை, இரண்டும் ஒன்றாக, ஒரு கிழிசல்கூட இல்லாமல் முழுப் பட்டையாகக் கையோடு வந்துவிட்டன. அடியில் இருந்த பிளாஸ்டிக் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. பசையின் தடம்கூட அதில் இல்லை.

எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் அதிகம் பேசமாட்டார். அந்தப் பிளாஸ்டிக் பட்டையை வாங்கித் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். பின்புறத்தில், கிளிப் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு கூரிய அடைப்புக்குறிகளுக்கு நடுவே பி.பி. என்று ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன. ஒரு வாரமாக அந்தப் பட்டையை நூறு முறையாவது கையில் எடுத்திருப்பேன். பின்புறத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

“இதை ஏன் படிக்கவில்லை, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

பி.பி. என்றால் பாலிப்ரொப்பிலீன். தாமரை இலைமேல் தண்ணீர் ஒட்டாததுபோல் இந்தப் பிளாஸ்டிக்கின் மேல் பசையும் பெயிண்டும் பரவி உட்காராது. பார்ப்பதற்கு ஒட்டியதுபோல் இருக்கும். வெயிலும் அதிர்வும் சேர்ந்தால் விட்டுவிடும். சொரசொரப்பாகத் தேய்த்தால் போதும் என்பது பலருடைய நினைப்பு, அன்று என் நினைப்பும் அதுதான். மேற்பரப்பின் குணத்தையே மாற்றினால்தான் அது பிடிக்கும். அதற்கென்று இருக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சை மெல்லியதாக அடிக்க வேண்டும், அல்லது நீலச் சுடரை மேற்பரப்பில் நொடிநேரம் தடவிச் செல்ல வேண்டும். ஏ.பி.எஸ். என்ற வேறொரு பிளாஸ்டிக்கின் பெயர் எழுதியிருந்தால் கவலை குறைவு. தேய்த்துச் சுத்தம் செய்தால் பசை பிடித்துக்கொள்ளும். பி.பி.யோடு டி.டி.20 என்று சேர்ந்திருந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் தூள் கலந்திருக்கிறது என்று பொருள். இந்த எழுத்துகள் மறுசுழற்சிக்காகப் பொறிக்கப்படுகிறவை. எங்களுக்கு அவைதாம் ஜாதகம்.

அந்த நான்கு பட்டைகளையும் என் செலவில் மறுபடி செய்து கொடுத்தேன். அன்றுமுதல் எந்தப் பாகம் மேசைக்கு வந்தாலும் முதலில் கவிழ்த்துப் போட்டுப் பார்ப்பேன். புதிதாகச் சேரும் பையன்களுக்கும் முதல் ஒரு மாதம் அதுதான் பாடம்: கழற்று, திருப்பு, படித்துச் சொல்.

பிளாஸ்டிக்கின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, அது காரில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காரில் டேஷ்போர்டின் மேற்புறம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அதே நேரத்தில் இருக்கைக்குக் கீழே இருக்கும் பாகம் அவ்வளவு சூட்டைக் காணாது. சாதாரணக் காண்டாக்ட் பசை அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். ஆகவே கியர்ப் பகுதியில் பல ஆண்டு உழைக்கிற ஒரு பொருள் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடைக்குக்கூடத் தாங்காமல் போகலாம். விலை குறைந்த வினைல் தாளை அங்கே ஒட்டினால் இன்னொரு தொல்லையும் வரும். அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் சூட்டில் ஆவியாகி முன்கண்ணாடியின் உட்புறத்தில் படலமாகப் படியும். எத்தனை முறை துடைத்தாலும் இரவில் எதிர்விளக்கு பட்டதும் கண்ணாடி மங்குகிறதே என்று வருகிறவர்களிடம், அண்மையில் உள்ளே என்ன மாற்றினீர்கள் என்று நான் கேட்பது அதனால்தான்.

மாற்றுப் பொருள்களில் என் மனத்துக்கு நெருக்கமானது தக்கை. முதன்முதலில் அதைக் காருக்குள் வைத்தது ஓர் அம்மாவின் வண்டியில். இருக்கைகளுக்கு நடுவே இருந்த பெட்டியின் மேல்மூடி பிசுபிசுத்துப்போய், கை வைத்தால் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. தொடுவதற்கு மென்மையாக இருக்கட்டும் என்று தொழிற்சாலையில் பூசும் ஒருவகைப் பாலியுரேத்தேன் பூச்சு, காற்றின் ஈரத்தாலும் சூட்டாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து இப்படி ஆகிவிடும். அது அழுக்கு என்று எண்ணிச் சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவர் ஓய்ந்திருந்தார்.

“என் கைதான் சுத்தமில்லை என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், தம்பி” என்றார்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அவர் கண்முன்னேயே ஓர் ஓரத்தைத் துடைத்துக் காட்டினேன். கறுப்புக் குழம்பு வழிந்து, அடியில் கெட்டியான, வழவழப்பான ஏ.பி.எஸ். தெரிந்தது. அவர் முகத்தில் வந்த தெளிவு இன்றும் நினைவிருக்கிறது. பிளாஸ்டிக்கும் வேண்டாம், தோலும் வேண்டாம், கைக்கு இதமாக ஏதாவது வேண்டும் என்றார்.

தக்கை என்பது ஓக் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரிப்பார்கள். மறுபடி உரிக்க ஒன்பது ஆண்டுகளாவது காத்திருப்பார்கள். அதன் நுண்ணறைகளில் காற்று அடைபட்டிருப்பதால் வெயிலில் நின்ற வண்டியிலும் கையைச் சுடாது, குளிரிலும் சில்லென்று இருக்காது. காருக்குள் இது எடுபடுமா என்று ஐயப்படுகிறவர்களிடம் நான் மஸ்தாவைச் சொல்வேன். அந்த நிறுவனம் 1920-இல் ஹிரோஷிமாவில் தக்கை செய்யும் தொழிலாகத்தான் தொடங்கியது. நூறு ஆண்டு கழித்து எம்.எக்ஸ்.-30 என்ற மின்சாரக் காரின் நடுப்பகுதியில் தக்கையையே வைத்தது.

துணி முதுகு ஒட்டிய மெல்லிய தக்கைத் தாளை எடுத்துக்கொண்டேன். சமதளத்தில் அது சொன்ன பேச்சைக் கேட்கும். மூடியின் மூலையில்தான் சோதனை. இரண்டு திசையிலும் வளைகிற இடத்தில் தக்கை சுருங்க மறுக்கும்; இழுத்தால் ரேகைபோல் வெடிக்கும். முதல் தாள் அப்படித்தான் வீணாயிற்று. இரண்டாவது தாளின் முதுகை லேசாக நனைத்து, ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து, ஆவி எழும்போது கட்டைவிரலின் சதைப்பகுதியால் மூலையை வெளிப்புறமாக நீவினேன். நகம் படக்கூடாது, பட்டால் பள்ளம் விழும். நீவி, நிறுத்தி, சூடு தணியும் வரை உள்ளங்கையால் அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டேன். கையை எடுத்தபோது மூலை தன் வடிவத்தை நினைவில் வைத்திருந்தது. அதன் பிறகுதான் பசை. மேலே தண்ணீரில் கரைத்த பளபளப்பில்லாத பூச்சு இரண்டு முறை. பளபளப்பு கொடுத்திருந்தால் அது மறுபடி பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருக்கும்.

மரம்போல அச்சிட்ட படலத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பாகத்தை அதில் முக்கியெடுக்கும் முறையும் இருக்கிறது. செய்து கொடுக்கிறேன். ஆனால் அந்த வேலையை நினைத்து வீட்டுக்கு மகிழ்ச்சியோடு போனதில்லை.

எந்தப் பொருளாக இருந்தாலும் நான் தொட மறுக்கும் இடம் காற்றுப்பையின் மூடி. ஓர் இளைஞர் டேஷ்போர்டு முழுவதையும் ஒரே துண்டு மைக்ரோஃபைபர் துணியால் போர்த்தித் தரக் கேட்டார். அவர் தேர்வில் தவறில்லை. ஜப்பானில் டோரே நிறுவனத்தில் 1970-இல் மியோஷி ஒகமோடோ உருவாக்கிய நுண்ணிழையின் வழிவந்த துணிவகை அது. மான்தோல்போல் இருக்கும், வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் முன்கண்ணாடியில் பிரதிபலிப்பும் விழாது. ஆனால் பயணியின் முன்னால், மேற்புறத்தில் கோடு எதுவும் தெரியாதபடி, உட்புறத்தில் மட்டும் கனம் குறைத்துச் செதுக்கிய ஒரு மூடி இருக்கிறது. மோதலின்போது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது கணக்காகப் பிளந்து பையை வெளியே விட வேண்டும். அதன்மேல் நாம் ஒரு துணியையும் பசையையும் ஏற்றினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். பக்கவாட்டுப் பை உள்ள இருக்கைகளின் தையலும் அப்படித்தான், பிரிய வேண்டிய இடத்தில் பிரியும்படி தனி நூலால் தைத்தது. முன்கண்ணாடியை ஒட்டிய தூணின் உறையிலும் காற்றுப்பை முத்திரை இருந்தால் அதையும் விட்டுவிடுவேன்.

“காசு கொடுக்கிறேன், செய்யுங்கள் அண்ணா” என்றார்.

கழற்றிய பாகத்தைத் திருப்பி, உள்ளே ஓடும் அந்த மெல்லிய பள்ளத்தில் அவர் விரலையே வைத்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வருமானம் போனதில் வருத்தம் இருந்தது. வேறு யாரிடமாவது செய்துகொண்டாரோ என்ற எண்ணம்தான் இன்னும் உறுத்துகிறது.

மேற்கூரைத் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொங்கும் துணியின் அடியில் இருக்கும் ஃபோம் உதிர்ந்து பழுப்புப் பொடியாகியிருக்கும். அதன்மேலேயே புதுப் பசையை அடிக்கிறவர்கள் மணலில் ஒட்டுகிறார்கள். பலகையைக் கழற்றி, தூரிகையால் கடைசிப் பொடி வரைக்கும் சுரண்ட வேண்டும். மூக்குக் கவசம் இல்லாமல் செய்யக்கூடாது. ஒருமுறை ஒருவர் அழகான பருத்தித் துணி கொண்டுவந்து அதையே கூரைக்கு ஒட்டச் சொன்னார். கார் உட்புறப் பொருள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக்கூடாது என்று அமெரிக்காவில் 1972-இலிருந்தே விதி இருக்கிறது. மற்ற நாடுகளிலும் இதே போன்ற சோதனைகள் உண்டு. அவருடைய துணியிலிருந்து ஒரு பட்டையை வெட்டிக் கம்பியில் கிடைமட்டமாகக் கட்டி, பட்டறைக்கு வெளியே ஒரு முனையில் தீ வைத்தோம். அது ஆய்வுக்கூடச் சோதனை ஆகாது, ஆனாலும் தீ மறுமுனைக்கு ஓடிய வேகத்தைப் பார்த்து அவரே துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். பிறகு தீ எளிதில் பரவாதபடி பதப்படுத்திய, அதே நிறத்துத் துணி ஒன்றைத் தேடி எடுத்தோம்.

இப்போது என் மனம் நார்ப்பொருள்களில் ஓடுகிறது. 2013-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஐ3 காரின் கதவுப் பலகைகளில் கெனாஃப் என்ற புளிச்சை நாரை மறைக்காமல் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு ஆளி நார்த் துணியை எபாக்சி என்ற, கெட்டியாக இறுகும் பிசினில் தோய்த்துப் பட்டைகள் வார்த்துப் பார்க்கத் தொடங்கினேன். முதல் பட்டை பட்டறையில் கல்லாக இருந்தது. வெயிலில் வைத்ததும் நடுவில் தொய்ந்துவிட்டது. அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்சி அறுபது டிகிரி வாக்கிலேயே இளகலாம். அதை மேலும் சூடேற்றிப் படிப்படியாக இறுக்க வேண்டும். இரண்டாவது பட்டையை அப்படிச் செய்து, யாருடைய வண்டியிலும் வைக்காமல் என் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு கிளிப்பில் மாட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் பென்சிலால் நாள் குறித்த ஒரு தாளும் இருக்கிறது. நான்கு மாதமாகிறது. வடிவம் மாறவில்லை. நிறம் மட்டும் வைக்கோலிலிருந்து தேன் பக்கமாக ஒரு சாயல் நகர்ந்திருக்கிறது. கிளிப்பின் அடியில் மறைந்த பகுதி எப்படி இருக்கிறது என்பதை இந்தக் கோடை முடிந்த பிறகுதான் கழற்றிப் பார்க்கப்போகிறேன்.