இனிஷியல் படுத்திய பாடு: ரெயூனியனில் பிரெஞ்சு இலக்கிய மாஸ்டர் சேர்ந்த அனுபவம்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இருந்துகொண்டு பிரெஞ்சு இலக்கியத்தில் மாஸ்டர் (முதுகலை) சேர நினைக்கும் நம்மவர்கள் முதலில் டிகிரி சான்றிதழை எடுத்து அதில் உள்ள பெயரைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். நான் இடம் கிடைத்து, பணம் கட்டப் போகிற நேரத்தில்தான் கவனித்தேன், அதுவும் இன்னொருவர் சொல்லி. அந்தப் பதற்றம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

ஊரில் பி.ஏ. பிரெஞ்சு முடித்தவள் நான். கல்யாணமாகி இந்தத் தீவின் சான்-ஆந்த்ரே ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. விண்ணப்பம் பிரெஞ்சு அரசின் மோன் மாஸ்டர் இணையதளத்தில்தான். 2025-இல் பிப்ரவரி 25 முதல் மார்ச் 24 வரை நேரம் கொடுத்தார்கள். ஒரு மாதம் இருக்கிறதே என்று மெதுவாகத் தொடங்கினேன். பிப்ரவரி 28 அன்று கராஞ்ஸ் புயல் அடித்தது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, ஸ்கேன் செய்து வைத்ததெல்லாம் சார்ஜ் இல்லாத லேப்டாப்புக்குள். ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே போய்விட்டது.

கரண்ட் வந்து உட்கார்ந்தால் அடுத்த இடி. மொழிச் சான்றாக நான் வைத்திருந்தது 2022-இல் எழுதிய டிசிஎஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு. அது இரண்டு வருடம்தான் செல்லும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் தேதியைப் பார்க்கவில்லை. புதிதாக எழுதி முடிவு வாங்க நேரமில்லை. அப்போதுதான் கல்யாணத்துக்கு முன் எழுதிய டால்ஃப் சி1 என்ற மேல்நிலை பிரெஞ்சுத் தேர்வு நினைவுக்கு வந்தது. டெல்ஃப் (அதற்குக் கீழ்நிலைத் தேர்வு), டால்ஃப் இரண்டுக்கும் காலக்கெடு கிடையாது, ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும். ஆனால் அந்தச் சான்றிதழ் கும்பகோணத்தில் அம்மா வீட்டுப் பரணில் இருந்தது. இங்கே இரவு ஒன்பது மணி, அங்கே பத்தரை. அம்மா தூக்கக் கலக்கத்தோடு ஸ்டூல் போட்டு ஏறி, தகரப் பெட்டியை இறக்கி, வீடியோ காலில் ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் காட்டினாள். பழைய கல்யாணப் பத்திரிகைக்கும் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கும் நடுவில் மடங்காமல் இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். எத்தனை சதவீதத்துக்கு என்ன வகுப்பு என்று அங்கேதான் அச்சடித்திருக்கும். நம் ஊரில் 60-க்கு மேல் வாங்கினாலே முதல் வகுப்பு, இங்கே 20-க்கு 14 வந்தாலே 'நன்று', 16 வந்தால் 'மிக நன்று'. அந்த அளவுகோல் தெரியாதவர் கையில் நம் மதிப்பெண் போனால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

விருப்பக் கடிதமும் முதலில் சொதப்பல்தான். விக்தோர் யூகோ, பாரிஸ் என்று யாரும் எழுதக்கூடியதை எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை படித்துவிட்டு, "இதற்கு ஏன் இந்தத் தீவில் படிக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கவிஞர்கள் பார்னியும் லெகோந்த் தெ லீலும் பிறந்த சான்-போல் இங்கேதான் இருக்கிறது, முருங்கைக் கீரையை இங்கே ப்ரேத் மூருங் என்கிறார்கள், கறி அப்படியே கறியாகவே நிற்கிறது. இந்தத் தீவுகளின் பிரெஞ்சு நாவல்களில் தமிழ்ச் சொற்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதைத்தான் ஆராய விரும்புகிறேன் என்று திருப்பி எழுதினேன். உண்மையில் என் மனசில் இருந்ததும் அதுதான். ஜூனில் இடம் கிடைத்தது.

அப்புறம்தான் இனிஷியல் கதை. என் டிகிரியில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம். தமிழில் 'சு.' என்ற இனிஷியலோடு என் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சுப்பிரமணியன் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில். டிகிரியைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, சான்-பியேர் ஊரில் இருக்கும், நீதிமன்றம் அங்கீகரித்த ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தேன். அவர் தமிழ்ப் பக்கத்தை வைத்து, பழைய புதுச்சேரி வழக்கப்படி 'சு.' என்பதை எஸ், ஓ, யு என்று மூன்று எழுத்தாக்கிவிட்டார். என் பெயரின் எழுத்தையும் மாற்றிவிட்டார். நான் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பல்கலைக்கழகத்தின் மூஃபியா வளாகத்தில் என் கோப்பைப் பார்த்த பெண் அலுவலர், "மதாம், ஸூ என்பது யார்?" என்று கேட்டார். என் குடும்பப் பெயரே 'ஸூ' என்று ஆகியிருந்தது. கை நடுங்க விளக்கினேன். அவருடைய குடும்பப் பெயரும் தமிழ்ப் பெயர்தான். கரும்புத் தோட்டத்துக்கு வந்த கொள்ளுப்பாட்டனாரின் சொந்தப் பெயரே தங்கள் குடும்பத்துக்கு நிலைத்துவிட்டது என்றார். அவருக்குத் தமிழ் வராது, ஆனால் நான் சொன்னது சட்டென்று புரிந்தது. கோப்பை ஒதுக்கி வைத்து இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பாளருக்குப் போன் செய்தால், மொழிபெயர்ப்பில் தப்பில்லை என்று வைத்துவிட்டார். நேரில் போனேன், கார் ஜோன் என்ற பஸ்ஸில் சான்-தெனி, அங்கிருந்து இன்னொரு பஸ். கதவு பூட்டியிருந்தது, லீவாம், வாசலில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஒரு நாள் வீண். அடுத்த வாரம் மறுபடி போய், பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்து, மூலத்தில் இல்லாததைச் சேர்க்கச் சொல்லவில்லை, 'சு.' தந்தை பெயரின் முதலெழுத்து என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு மட்டும் போடுங்கள், என் பெயரைப் பாஸ்போர்ட் எழுத்தில் எழுதுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. பாஸ்போர்ட் நகலை முதல் நாளே கொடுத்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை, நீங்கள் அதை மறக்காதீர்கள்.

மீதி சுலபம். 2025-இல் மாணவர் நலனுக்கான செவெக் கட்டணம் 105 யூரோ, பதிவு 254 யூரோ. பத்து வருடக் குடியிருப்பு அட்டை இருப்பவர்கள் அதை முதலிலேயே காட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து வருகிறவர்களுக்கான கட்டணத்தைக் கேட்கக்கூடும், அது 2025-இல் 4000 யூரோவை நெருங்கியது. திருத்திய மொழிபெயர்ப்பை முத்திரையோடு மூன்று பிரதி வாங்கினேன். ஒன்று கோப்பில், ஒன்று என்னிடம், இன்னொன்று டால்ஃப் சான்றிதழோடு அம்மாவின் தகரப் பெட்டிக்குப் போகிறது.